நிகழ்பட ஆட்டங்களில் இயற்பியல் விதிமீறல்கள்

வீடியோ கேம் என்று பரவலாக அழைக்கப்படும் நிகழ்பட ஆட்டங்களில் பொருள்கள் இயங்கும் முறை, நடைமுறை உலகின் இயற்பியல் விதிகளோடு பல இடங்களில் ஒத்துப்போவதில்லை. பாத்திரங்கள் தம் உயரத்தைப்போலப் பல மடங்கு குதிக்கின்றன; காற்றில் திசை மாற்றுகின்றன; மலையுச்சியிலிருந்து தண்ணீரில் விழுந்தும் காயமின்றி நீந்திச் செல்கின்றன. இவற்றில் சில மென்பொருள் பிழைகள். பெரும்பாலானவை ஆட்டத்தை உருவாக்கியவர்கள் தெரிந்தே செய்தவை. எந்த விதி, எதற்காக மீறப்படுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. ஒப்பிடுவதற்கு, ஈரோடு மாவட்டம் பவானியில் காவிரியும் பவானியாறும் கலக்கும் கூடுதுறையும் அதன் சுற்றுப்புறமும் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. ஈர்ப்பு முடுக்கம் 9.8 மீ/வி² என்று கொண்டு, வேறு வகையில் குறிப்பிட்டாலன்றி வளித்தடை தவிர்த்துக் கணக்கிடப்பட்டுள்ளது.

தொடக்கக் கால ஆட்டங்கள்

நிகழ்பட ஆட்டங்களின் வரலாறு இயற்பியலாளர்களிடமிருந்துதான் தொடங்குகிறது. 1958இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில் வில்லியம் ஹிகின்போதம் என்ற இயற்பியலாளர், பார்வையாளர்களுக்காக 'டென்னிஸ் ஃபார் டூ' என்ற ஆட்டத்தை அமைத்தார். அலைகாட்டியின் சிறு வட்டத் திரையில் ஓர் ஒளிப்புள்ளி பந்தாக வலையைத் தாண்டி, ஈர்ப்பு விசைக்கேற்ப வளைந்து விழுந்து எழும்பியது.

1962இல் எம்.ஐ.டி.யில் உருவாக்கப்பட்ட 'ஸ்பேஸ்வார்' ஆட்டத்தில் திரையின் நடுவே ஒரு விண்மீன் இருக்கும். அது இரண்டு விண்கலங்களையும் தன்பால் இழுக்கும். ஆனால் அக்கலங்கள் ஏவும் குண்டுகளை மட்டும் இழுக்காது. அன்றைய பிடிபி-1 கணினியால் குண்டு ஒவ்வொன்றுக்கும் தனியாக ஈர்ப்பைக் கணக்கிட முடியவில்லை என்பதே காரணம். ஒரே விண்மீன், கலத்துக்கு ஒரு விதி, குண்டுக்கு ஒரு விதி! கணினியின் இயலாமையால் நேர்ந்த விதிமீறலுக்கு இது மிகப் பழைய எடுத்துக்காட்டுகளில் ஒன்று. பின்னாளில் கணினிகள் வேகம் பெற்றபின் வேறொரு காரணம் முன்னுக்கு வந்தது: ஆடுபவரின் வசதி.

குதித்தலும் ஈர்ப்பு விசையும்

நின்ற இடத்திலிருந்து அரை மீட்டர் உயரம் குதிப்பவர் தரையை விட்டு நொடிக்கு 3.1 மீட்டர் வேகத்தில் எழும்புகிறார். 0.64 நொடி காற்றில் இருக்கிறார். ஆட்டத்துப் பாத்திரம் 5 மீட்டர் குதிக்க வேண்டுமானால் நொடிக்கு 9.9 மீட்டர் வேகத்தில் எழும்ப வேண்டும்; அது மேலே போகவும் கீழே வரவும் 2 நொடிக்கு மேல் ஆகும். கேட்பதற்கு 2 நொடி சிறிதாகத் தோன்றும். ஆனால் பொத்தானை அழுத்திவிட்டு அத்தனை நேரம் எதுவும் செய்யாமல் காத்திருப்பவருக்குப் பாத்திரம் பலூன்போல் மிதப்பதாகவே படும். ஆகவே உருவாக்குநர்கள் எழும்பும் வேகத்தையும் ஈர்ப்பு முடுக்கத்தையும் சேர்த்தே கூட்டிவிடுகிறார்கள். உயரம் அப்படியே இருக்க, நேரம் மட்டும் பாதியாகக் குறைகிறது.

1985இல் நின்டெண்டோ வெளியிட்ட 'சூப்பர் மாரியோ புரோஸ்' இன்னும் ஒரு படி மேலே போனது. அதில் பொத்தானை நீண்ட நேரம் அழுத்திப் பிடித்தால் மாரியோ அதிக உயரம் குதிப்பார். உடனே விட்டுவிட்டால் சிறிதாகக் குதிப்பார். தரையை விட்டுக் கால் எடுத்த பிறகு குதிக்கும் உயரத்தைத் தீர்மானிப்பது மெய்யுலகில் இயலாத செயல். அந்த ஆட்டத்திலோ பொத்தான் அழுந்தியிருக்கும்வரை ஈர்ப்பு குறைவாகவும், விட்டதும் மிகுதியாகவும் செயல்படுகிறது. நாம் கையில் பிடித்திருப்பது குதிக்கும் பொத்தான் அல்ல, ஈர்ப்பு விசையின் திருகு என்றே சொல்லலாம்.

காற்றில் திசை மாற்றுவதும் இதைப் போன்றதே. குதித்தவரின் நிறை மையம் செல்லும் பாதை, கால் தரையை விடும் கணத்திலேயே முடிவாகிவிடுகிறது. எல்லைக்கோட்டருகே பந்தைப் பிடிக்கப் பாயும் கிரிக்கெட் வீரர் கையை நீட்டலாம், உடலை முறுக்கலாம். பாதையை மாற்ற முடியாது. மாரியோவால் முடியும். பாறை விளிம்பைத் தாண்டிக் கால் வைத்த பிறகும் சில நூறில் ஒரு பங்கு நொடிகளுக்குக் குதிக்க அனுமதிக்கும் ஆட்டங்களும் உண்டு. விளிம்பில் சரியாகக் குதித்ததாகவே ஆடுபவர் நம்புவார். ஏற்கெனவே வெற்றிடத்தில் நிற்பது அவர் கண்ணுக்குத் தெரியாது. அமெரிக்கக் கேலிச்சித்திரப் படங்களில் பள்ளத்தின் மேல் ஓடிக்கொண்டே இருக்கும் ஓநாயின் பெயரால் இதைக் 'கொயோட்டி நேரம்' என்று ஆட்ட உருவாக்குநர்கள் அழைக்கிறார்கள்.

கைப்பேசிக் கிரிக்கெட் ஆட்டங்களிலும் ஆடுபவருக்கான இந்தச் சலுகை இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த நெக்ஸ்ட்வேவ் மல்டிமீடியா நிறுவனத்தின் 'வேர்ல்டு கிரிக்கெட் சாம்பியன்ஷிப்' வரிசை தமிழ்நாட்டிலிருந்து உருவாகி உலகெங்கும் ஆடப்படும் ஆட்டம். இத்தகைய ஆட்டங்கள் சந்திக்கும் சிக்கல் எளிய கணக்கில் விளங்கும். மணிக்கு 140 கி.மீ. வேகத்தில் வீசப்படும் பந்து நொடிக்கு ஏறத்தாழ 39 மீட்டர் செல்லும். மட்டையாளரை அடைய அரை நொடிகூட ஆகாது. கண்ணால் கண்டு விரலை அசைக்கவே 0.2 நொடி போய்விடும். அதனால்தான் பல கிரிக்கெட் ஆட்டங்களில் பந்து தரையில் விழப்போகும் இடம் வீசுவதற்கு முன்பே திரையில் காட்டப்படுகிறது. மெய்யான மட்டையாளர் எவருக்கும் கிடைக்காத வசதி இது.

நியூட்டனின் மூன்றாம் விதி

காற்றில் இருக்கும்போதே மீண்டும் ஒருமுறை குதிப்பது 'இரட்டைக் குதி'. 1980களிலிருந்து எண்ணற்ற ஆட்டங்களில் இது வழக்கமாகிவிட்டது. குதிக்க வேண்டுமானால் எதையாவது பின்னோக்கித் தள்ள வேண்டும். தரையில் நிற்கும்போது புவியைத் தள்ளுகிறோம். அதன் நிறை மிகப் பெரிது என்பதால் அது நகர்வது தெரிவதில்லை. காவிரியில் பரிசலிலிருந்து கரைக்குத் தாவியவர்களுக்கு அந்தத் தள்ளல் நன்றாகத் தெரியும். தாவுபவரின் நிறையும் பரிசலின் நிறையும் சமமாக இருந்தால், அவர் முன்னே போகும் அதே வேகத்தில் பரிசல் பின்னே நழுவப் பார்க்கும். நீரின் தடை மட்டுமே அதைக் கொஞ்சம் கட்டுப்படுத்தும். கரையில் ஒருவர் பரிசலைப் பிடித்துக்கொள்வது இதனால்தான். ஆட்டங்களிலோ படகிலிருந்து குதித்தாலும் படகு பெரும்பாலும் நட்ட கல்லைப்போல நின்றுவிடுகிறது. இரட்டைக் குதியில் தள்ளுவதற்குப் படகுகூட இல்லை.

துப்பாக்கி ஆட்டங்களிலும் மூன்றாம் விதி ஒருபக்கமாகவே வேலை செய்யும். 8 கிராம் குண்டு நொடிக்கு 900 மீட்டர் வேகத்தில் சென்றால் அதன் உந்தம் 7.2 கி.கி.மீ/வி. அது 60 கிலோ நிறையுள்ளவர் மேல் பாய்ந்து தங்கிவிட்டால் அவருக்குக் கிடைக்கும் வேகம் நொடிக்கு 12 சென்டிமீட்டர் மட்டுமே. குண்டடிபட்டவர் சுவரைத் தாண்டிப் பறந்தால், சுட்டவரும் எதிர்த்திசையில் அதேபோலப் பறக்க வேண்டும். இந்தத் தவறில் நம் திரைப்படச் சண்டைக் காட்சிகளுக்கும் சம பங்கு உண்டு.

நிறையும் ஆற்றலும்

'மைன்கிராஃப்ட்' ஆட்டத்தில் ஒரு கட்டி என்பது 1 மீட்டர் கனசதுரம். பாத்திரத்தின் பையில் 36 இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் 64 தங்கக் கட்டிகளை வைக்கலாம். 1 கன மீட்டர் தங்கம் 19.3 டன். ஆக, பை நிறைந்தால் 44,000 டன்னுக்கு மேல். அந்தச் சுமையோடு அவர் ஓடவும் குதிக்கவும் நீந்தவும் செய்வார். மரத்தின் அடிப்பகுதியை வெட்டி எடுத்தால் மேற்பகுதி அந்தரத்தில் நிற்கும். மணலும் சரளைக்கல்லும் மட்டும் ஒழுங்காக விழும்.

ஆற்றல் அழியாமை விதியை நேரடியாகவே விளையாட்டாக்கியது 2007இல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட 'போர்ட்டல்'. அதில் தரையில் ஒரு வாயிலும் கூரையில் ஒரு வாயிலும் திறந்தால், கீழே விழுந்தவர் கூரையிலிருந்து வெளிவந்து மறுபடி விழுவார். ஒவ்வொரு சுற்றிலும் வேகம் கூடிக்கொண்டே போகும். உயரத்துக்குக் கொண்டுபோக எவரும் வேலை செய்யவில்லை. ஆனாலும் நிலையாற்றல் இலவசமாகத் திரும்பக் கிடைத்துவிடுகிறது.

இது எவ்வளவு பெரிய சலுகை என்பதைக் காவிரிக் கரையில் உணரலாம். மேட்டூரில் மின்சாரம் தந்த நீர், பவானிக்கு வருமுன் ஊராட்சிக்கோட்டை உட்பட அடுத்தடுத்த கதவணைகளில் தேக்கப்பட்டு மேலும் மின்சாரம் தருகிறது. ஒவ்வோர் இடத்திலும் நீர் சில மீட்டர் இறங்கியாக வேண்டும். இறங்கிய நீர் தானாக ஏறாது. ஆற்றின் சரிவு முழுவதையும் இப்படித் துண்டு துண்டாகத்தான் பயன்படுத்த முடியும். 'போர்ட்டல்' வாயில்கள் இரண்டை 10 மீட்டர் உயர வேறுபாட்டில் வைத்து, நொடிக்கு 1 கன மீட்டர் நீரைச் சுற்றவிட்டால் 98 கிலோவாட் திறன் என்றென்றும் கிடைத்துக்கொண்டே இருக்கும். அணையே வேண்டாம், மழையும் வேண்டாம்.

வேகமும் நிறுத்தமும்

கார்ப் பந்தய ஆட்டங்களில் சக்கரத்துக்கும் சாலைக்கும் இடையே உள்ள உராய்வு, உண்மையில் இருப்பதைவிட மிகுதியாக வைக்கப்படுவது வழக்கம். உராய்வுக் குணகம் 0.7 என்று கொண்டால், உலர்ந்த சாலையில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி பிரேக் பிடித்தபின் 20 மீட்டர் ஓடி நிற்கும். 120 கி.மீ. வேகமானால் 40 மீட்டர் அல்ல, 81 மீட்டர். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதே காரணம். மூளை உணர்ந்து கால் பிரேக்கை அழுத்துவதற்குள் ஓடும் தூரம் இதில் சேரவில்லை. ஆட்டத்தில் 200 கி.மீ. வேகத்தில் தெருமுனையில் திரும்புகிறோம். அதே உராய்வில் அப்படித் திரும்ப, வளைவின் ஆரம் 450 மீட்டராவது இருக்க வேண்டும்.

தண்ணீர்

நிகழ்பட ஆட்டங்கள் மிக அதிகமாக ஏமாற்றும் இடம் தண்ணீர்தான். கட்டுரையின் பிற பகுதிகளை வேடிக்கையாகப் படிக்கலாம். இதை அப்படிப் படிக்க இயலாது. 'மைன்கிராஃப்டில்' எத்தனை உயரத்திலிருந்து தண்ணீரில் விழுந்தாலும் காயமில்லை. 'அசாசின்ஸ் கிரீட்' வரிசையில் கோபுர உச்சியிலிருந்து வைக்கோல் வண்டியிலோ நீரிலோ பாய்வது வீரரின் அடையாளமே ஆகிவிட்டது. தண்ணீர் என்றால் மெத்தை என்பது ஆட்டங்களின் எழுதப்படாத விதி.

10 மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர் 1.4 நொடியில் நீரைத் தொடுகிறார். அப்போது அவர் வேகம் நொடிக்கு 14 மீட்டர், அதாவது மணிக்கு 50 கி.மீ. உடலை நேராக வைத்து நுழைந்து 3 மீட்டர் ஆழம் சென்று நின்றால், சராசரி எதிர்முடுக்கம் ஈர்ப்பு முடுக்கத்தைப்போல 3 மடங்குக்குச் சற்று அதிகம், உடல் தாங்கும். வயிறு அடித்து விழுந்து அரை மீட்டருக்குள் நின்றால் 20 மடங்கு. 50 கிலோ எடையுள்ள சிறுவன்மேல் ஒரு டன் எடை அழுத்துவதற்கு அது ஒப்பானது. ஒலிம்பிக் போட்டியில் 10 மீட்டர் மேடையின் கீழே உள்ள குளம் ஏறத்தாழ 5 மீட்டர் ஆழம் உடையது, தரை தெரியும் தெளிவு உடையது. 27 மீட்டர் மேடையிலிருந்து பாயும் உயர்நிலைப் போட்டியாளர்கள் தலைகீழாக நுழைவதில்லை. கால் முதலில் படும்படிதான் நுழைகிறார்கள். உதவிக்கு நீச்சல் வீரர்கள் நீரில் காத்திருப்பார்கள்.

ஆற்றில் இந்த ஏற்பாடு எதுவும் இல்லை. கூடுதுறையில் சேரும் இரண்டு ஆறுகளிலும் அணைகள் உள்ளன: காவிரியில் மேட்டூர், பவானியாற்றில் பவானிசாகர். எந்த அணையில் எவ்வளவு திறக்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஆழமும் வேகமும் நாளுக்கு நாள் மாறும். நேற்றுக் குதித்த இடத்தில் இன்று அதே ஆழம் இருக்கும் என்று கொள்ள முடியாது. கண்ணும் உதவாது. நீரின் ஒளிவிலகல் எண் 1.33 என்பதால் மேலிருந்து நேராகப் பார்க்கும்போது 4 மீட்டர் ஆழம் 3 மீட்டராகத் தெரியும். நீந்தத் தெரியாதவர் இறங்கலாம் என்று எண்ணும் இடம் அவர் நினைப்பதைவிட ஆழமானது. பத்தாம் வகுப்பில் தண்ணீர்த் தம்ளரில் நாணயத்தைப் போட்டுப் பார்க்கும் அதே சோதனைதான் இது.

அடுத்தது நீரோட்டத்தின் விசை. ஆட்டங்களில் ஓடும் நீர் பாத்திரத்தை மெதுவாக நகர்த்தும், அவ்வளவே. இடுப்பளவு நீரில் நிற்பவரின் கால்கள் ஓட்டத்துக்குக் காட்டும் பரப்பு 0.3 சதுர மீட்டர் என்று கொள்வோம். நீர் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில், அதாவது நாம் நடப்பதைவிட மெதுவாக, ஓடினால் அவர்மேல் ஏறத்தாழ 15 கிலோ எடைக்குச் சமமான விசை செயல்படும். வேகம் 2 மீட்டரானால் 60 கிலோ. 3 மீட்டரானால் 135 கிலோ. இங்கும் வேகத்தின் இருமடியே கணக்கு. அதே நேரத்தில் மிதப்பு விசை அவர் எடையில் ஏறத்தாழப் பாதியைத் தாங்கிக்கொள்வதால் பாதத்துக்கும் தரைக்கும் இடையே உராய்வும் பாதியாகிவிடுகிறது. 50 கிலோ எடையுள்ளவருக்கு நல்ல பிடிமானமுள்ள தரையிலேயே 12 கிலோ அளவுதான் தாக்குப்பிடிக்க முடியும். பாசி படிந்த கல் என்றால் அதுவும் இல்லை. ஆகவே நடை வேகத்தில் ஓடும் இடுப்பளவு நீரே ஒருவரைச் சாய்க்கப் போதும்.

2022 ஆகஸ்டில் மேட்டூர் அணையிலிருந்து நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கன அடி நீர் வெளியேறியது. பவானியில் கரையோர வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. 2 லட்சம் கன அடி என்பது நொடிக்கு 5,600 டன்னுக்கு மேற்பட்ட நீர். இத்தகைய நாள்களில் கூடுதுறையில் நீராடத் தடை விதிக்கப்படுவதும், ஆடிப்பெருக்குக்கு வந்தவர்கள் படித்துறைக்கு வெளியே நிறுத்தப்படுவதும் உண்டு. நீச்சல் தெரிந்தவர்களுக்கு இது மிகையாகத் தோன்றலாம். நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் ஓடும் நீரை எதிர்த்து நீந்த ஒலிம்பிக் வீரராலும் முடியாது. 50 மீட்டர் விரைவு நீச்சலிலேயே உலகின் மிகச் சிறந்தவர்களின் சராசரி வேகம் நொடிக்கு 3 மீட்டரைத் தொடவில்லை.

கணினியின் காலம்

நடைமுறை உலகில் காலம் தொடர்ச்சியாக ஓடுகிறது. ஆட்டத்தில் காலம் துண்டு துண்டாகத் தாவுகிறது. நொடிக்கு 60 படச்சட்டங்கள் காட்டும் ஆட்டத்தில் ஒவ்வொரு தாவலும் 0.0167 நொடி. நொடிக்கு 900 மீட்டர் செல்லும் குண்டு ஒரு தாவலில் 15 மீட்டர் கடந்துவிடும். ஒரு படச்சட்டத்தில் சுவருக்கு இந்தப் பக்கம், அடுத்ததில் அந்தப் பக்கம். இடையில் சுவர் இருந்ததே நிரலுக்குத் தெரியாது. இதைத் தவிர்க்கத்தான் சில ஆட்டங்களில் குண்டு என்ற பொருளே இருப்பதில்லை. விசையை அழுத்திய கணத்தில் ஒரு நேர்க்கோடு வரைந்து, அதில் யார் இருக்கிறார் என்று பார்த்துவிடுவார்கள். உண்மையான குண்டோ, வேகம் குறையாமல் சென்றாலும் 300 மீட்டர் கடக்க மூன்றில் ஒரு பங்கு நொடி எடுத்துக்கொண்டு, அதற்குள் அரை மீட்டருக்கு மேல் கீழே இறங்கியிருக்கும். பப்ஜி போன்ற ஆட்டங்கள் இந்தத் தாமதத்தையும் இறக்கத்தையும் சேர்த்தே கணக்கிடுகின்றன.

துண்டுக் காலத்தால் கணக்கும் பிசகும். தடையின்றி விழும் பொருள் 1 நொடியில் 4.9 மீட்டர் விழ வேண்டும். நிரலில் பரவலாகப் பயன்படும் எளிய கூட்டல் முறைகளில் ஒன்றில் நொடிக்கு 60 தாவலுக்கு 4.98 மீட்டரும், 30 தாவலுக்கு 5.06 மீட்டரும் கிடைக்கும். வேகமான கைப்பேசியிலும் பழைய கைப்பேசியிலும் ஈர்ப்பு வேறு வேறாகிவிடுகிறது என்று பொருள். 2011இல் வெளிவந்த 'ஸ்கைரிம்' ஆட்டத்தின் முதல் பதிப்பில் படச்சட்ட எண்ணிக்கை 60ஐத் தாண்டினால் மேசைமேல் இருக்கும் தட்டும் குவளையும் தாமாகத் துள்ளிப் பறக்கும்.

விதிகளை மதிக்கும் ஆட்டங்கள்

2012இல் பின்லாந்தின் ஃபிங்கர்சாஃப்ட் வெளியிட்ட 'ஹில் கிளைம்ப் ரேசிங்' ஆட்டத்தில் வண்டி அந்தரத்தில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தினால் முன்பக்கம் மேலே தூக்கும். பிரேக்கை அழுத்தினால் தாழும். பலரும் இதைப் பொய் என்றே நினைப்பார்கள். சக்கரம் ஒரு திசையில் வேகமாகச் சுழலத் தொடங்கினால், கோண உந்தம் மாறாதிருக்க வண்டியின் உடல் எதிர்த்திசையில் திரும்பியாக வேண்டும். மோட்டோகிராஸ் வீரர்கள் இதை வைத்துத்தான் அந்தரத்தில் பைக்கைச் சமன் செய்கிறார்கள். ஆட்டத்தில் விளைவின் அளவு மட்டுமே மிகை. அதன் ஓட்டுநருக்கு நியூட்டன் பில் என்று பெயர் வைத்தது பொருத்தம்தான்.

ராக்கெட் ஏவும் ஆட்டமான 'கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்' 2015இல் முழு வடிவம் பெற்றது. சந்திரயான்-3 செய்ததுபோலச் சுற்றுப்பாதையைப் படிப்படியாக உயர்த்தி நிலவை அடைவதை இதில் சரியாகவே செய்து பார்க்கலாம். ஆனால் இதன் கோளான கெர்பினின் ஆரம் 600 கி.மீ. மட்டுமே, மேற்பரப்பு ஈர்ப்போ புவியின் அளவு. அப்படியானால் அதன் அடர்த்தி, புவியில் மிக அடர்ந்த தனிமமான ஆஸ்மியத்தைப்போல இரண்டரை மடங்கு இருக்க வேண்டும். மேலும் இந்த ஆட்டம் ஒரு நேரத்தில் ஒரே ஒரு கோளின் ஈர்ப்பை மட்டும் கணக்கிடுகிறது. சூரியனும் புவியும் சேர்ந்து இழுப்பதால் உருவாவது, புவியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தொலைவிலுள்ள எல்-1 புள்ளி. செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி திட்ட இயக்குநராக இருந்த ஆதித்யா-எல்1 விண்கலம் 2024 ஜனவரி 6 அன்று அப்புள்ளியைச் சுற்றும் பாதையை அடைந்தது. கெர்பல் உலகில் அத்தகைய புள்ளியே கிடையாது.

வீட்டில் அளந்து பார்த்தல்

ஒரு ஆட்டத்தின் ஈர்ப்பு முடுக்கத்தை மாணவர்கள் தாமே கண்டுபிடிக்கலாம். பாத்திரம் ஒரு விளிம்பிலிருந்து நழுவி விழுவதைக் கைப்பேசியின் திரைப்பதிவு வசதியால் பதிவு செய்ய வேண்டும். பாத்திரத்தின் உயரத்தை 1.7 மீட்டர் என்று கொண்டு, விழுந்த உயரம் அதைப்போல எத்தனை மடங்கு என்று திரையில் அளவுகோல் வைத்து அளக்கலாம். படச்சட்டங்களை எண்ணி நேரத்தைக் கணக்கிடலாம். உயரத்தை இரண்டால் பெருக்கி நேரத்தின் இருமடியால் வகுத்தால் விடை கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 3 ஆள் உயரமான 5.1 மீட்டரை அரை நொடியில் விழுந்தால் ஈர்ப்பு முடுக்கம் 40.8 மீ/வி², புவியைப்போல நான்கு மடங்கு. பதிவு நொடிக்கு 30 படச்சட்டமாக இருந்தால் எண்ணிக்கையில் ஒரு சட்டம் தவறினாலே விடையில் ஏறத்தாழ 13 விழுக்காடு பிசகும். எனவே உயரமான இடத்திலிருந்து விழச்செய்து, மூன்று முறை அளந்து சராசரி எடுப்பது நல்லது. தண்ணீருக்குள் விழும் இடத்தை இச்சோதனைக்குத் தேர்ந்தெடுக்கக்கூடாது. பல ஆட்டங்களில் நீரைத் தொட்டதும் ஈர்ப்பின் மதிப்பே மாறிவிடும்.